ராமானுஜன் கோட்டை விட்ட எண்

பழைய மாணவர்கள் கூடினால், யார் எந்தப் பேப்பரில் கோட்டை விட்டோம் என்ற பேச்சு வராமல் போகாது. அந்த வகையில் நமக்கெல்லாம் பெரிய சீனியர் ஒருவர் உண்டு. அவர்தான் கணித மேதை சீனிவாச ராமானுஜன்.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்தார். எந்நேரமும் கணக்கு, கணக்கு. மற்ற பாடங்களில் கோட்டை. ஸ்காலர்ஷிப் போச்சு! அப்புறம் சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கேயும் எஃப்.ஏ. தேறவில்லை. டிகிரி இல்லாதவருக்கு யார் வேலை கொடுப்பார்? பல படிகள் ஏறி இறங்கி, 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனார். 1913-ல் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்குக் கடிதம் போட்டார், 1914-ல் கப்பலேறினார்.

அங்கே 1915-ல் வெளியான அவருடைய பெரிய கட்டுரை, ஒருவகை எண்களைப் பற்றியது. 12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. இப்படித் தனக்கு முந்திய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் தோற்கடிக்கும் எண்களை வரிசையாகப் பட்டியல் போட்டார். கால்குலேட்டர் இல்லாத காலம்! பட்டியலின் கடைசி எண் 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று. எல்லாவற்றையும் பெருக்கினால் அது வரும். ஒவ்வொரு பகா எண்ணும் வரும் தடவையோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2×2. காரணிகள் 10,080!

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பட்டியலில் ஓர் எண் விட்டுப்போயிருக்கிறது. 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. அதற்கு 5,040 காரணிகள். அதை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண்ணே வந்துவிடும். அவ்வளவு பக்கத்துச் சொந்தக்காரன், கண்ணில் படாமல் போய்விட்டான்.

அதனால் என்ன குறைந்துவிட்டது? இரண்டு கல்லூரிகளில் கிடைக்காத பட்டம், 1916-ல் இதே கட்டுரைக்காகக் கேம்பிரிட்ஜில் கிடைத்தது. 1918-ல் எஃப்.ஆர்.எஸ். ஆனார். யுத்த காலப் பணமுடையால் அச்சேறாமல் நின்ற கட்டுரையின் மீதிப் பகுதி 1997-ல்தான் ஓர் ஆய்விதழில் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. நோயோடு ஊர் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ல், 32 வயதில் காலமானார்.

அரியர்ஸ் வைத்திருக்கும் தம்பி, தங்கைகளே! ஃபெயிலானால் மேதை ஆகிவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்குக் கணக்கின் மேல் இருந்த பிடிவாதத்தை மார்க் ஷீட்டால் அளக்க முடியவில்லை, அவ்வளவுதான். பரீட்சையை எழுதி முடியுங்கள். ஆனால் உங்களுக்குப் பிடித்ததை மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்த மலரின் ஓரத்திலேயே பென்சிலால் அந்த 5,040-ஐச் சரிபார்த்துப் பாருங்களேன். அவர் விட்ட இடம், நாம் தொடங்க நல்ல இடம்.