கார்பெட் துரையும் என் மூன்று துப்பாக்கிகளும்



மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் போனில் கேட்டார்கள். காந்தியையும் காமராசரையும் எழுத நம்மில் ஆள் இருக்கிறது. நான் ஜிம் கார்பெட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். விடுதியில் என்னோடு இருந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. என் சொந்தப் பெயரை மறந்து துப்பாக்கி என்றே என்னைக் கூப்பிட்டவர்கள் ஆயிற்றே!

அதற்குக் காரணம் எங்கள் வீட்டில் இருந்த ஒரு பழைய சாமான். குன்றாண்டார்கோவிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாறையைக் குடைந்த சிவன் கோயில், குதிரை பூட்டிய தேர் மாதிரி ஒரு கல் மண்டபம், சுற்றிலும் பொட்டலும் கண்மாய்களும். புலி கிலி எதுவும் கிடையாது. முயலும் கவுதாரியும்தான். தாத்தாவிடம் குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி ஒன்று இருந்தது. கட்டை விரிசல் விட்டு, செம்புக் கம்பியால் சுற்றியிருக்கும். பி.யூ.சி. படிக்கும்போது நூலகத்தில் குமாயுன் புலிகள் கையில் கிடைத்தது. பிறகு கார்பெட்டின் மற்றப் புத்தகங்களைத் தேடிப் படித்தபோது, அவருடைய முதல் துப்பாக்கியும் கம்பி சுற்றியதுதான் என்று தெரிந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம், இன்னும் விடவில்லை.

கார்பெட் 1875 ஜூலை 25ஆம் தேதி நைனிடாலில் பிறந்தார். அப்பா அங்கே போஸ்ட் மாஸ்டர். பெரிய குடும்பம், சிறிய வருமானம். பையனுக்கு ஆறு வயது நடக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். துரை என்றதும் மாளிகை, பட்லர் என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். இவர் வளர்ந்தது விதவைத் தாயின் சிக்கனத்தில். குளிர்காலத்தில் குடும்பம் அடிவாரத்துக் காலாதுங்கிக்கு இறங்கிவிடும். அங்கே காடுதான் அவருக்குப் பள்ளிக்கூடம். முதலில் உண்டிவில், அப்புறம் களிமண் உருண்டை எறியும் வில். எட்டு வயதில் உறவுக்கார அண்ணன் ஒருவர், பறவைகளைச் சேகரிப்பதில் உதவியதற்காக ஒரு துப்பாக்கி கொடுத்தார். இரட்டைக்குழல், வாய் வழியாக மருந்து போடுவது. ஆனால் வலது குழல் பிளந்து போயிருந்தது. பித்தளைக் கம்பிதான் கட்டையையும் குழலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒற்றைக் குழலோடு காட்டைச் சுற்றினான் பையன். மருந்தும் ரவையும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை, வீணாக ஒரு வெடி கூட வைக்க முடியாது. அவருடைய குறி தப்பாமைக்கு அந்த ஏழ்மைதான் முதல் வாத்தியார் என்பது என் கட்சி.

பத்து வயது வாக்கில் நைனிடால் மாணவர் படையில் சேர்ந்தபோது, சார்ஜண்ட் மேஜர் ஒருவர் படைக்குச் சொந்தமான .450 மார்ட்டினி ரைஃபிளை அவருக்கு இரவல் கொடுத்தார். அதைக் கொண்டு முதல் சிறுத்தையைச் சுட்டார். கவனியுங்கள், இதுவரை ஒன்றையும் விலை கொடுத்து வாங்கவில்லை!

மேல்படிப்புக்கு வழியில்லை. இருபது வயதுக்கு முன்பே ரயில்வே வேலை. பிறகு மோகாமா காட்டில் கங்கைக் கரையில் சரக்கு மாற்றும் ஒப்பந்தம். அங்கே கூலியாட்களோடு இருபது வருஷத்துக்கு மேல் பாடுபட்டார். லீவில் ஊருக்கு வரும்போதுதான் வேட்டை. 1907இல் சம்பாவத் பெண்புலியைச் சுட்டுத் தருமாறு அரசாங்கம் கேட்டது. நேபாளத்திலும் குமாயுனிலுமாக 436 பேரைக் கொன்ற புலி. பரிசுத் தொகை அறிவிப்பை ரத்து செய்யவேண்டும், மற்ற வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைக்கவேண்டும் என்று இரண்டு நிபந்தனை போட்டு ஒத்துக்கொண்டார். பணத்துக்காகச் சுடுகிறவன் என்ற பெயர் தனக்கு வரக்கூடாது என்பதில் கெட்டி.

இந்த வேட்டையை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. தாசில்தார் 298 ஆட்களைத் திரட்டி மலைச்சரிவிலிருந்து புலியை விரட்டுகிறார். கார்பெட்டிடம் .500 ரைஃபிள், தோட்டா மூன்றே மூன்று. முதல் குண்டு தப்பியது. அடுத்த இரண்டும் பட்டன, ஆனால் புலி சாகவில்லை. தோட்டா தீர்ந்துவிட்டது. ஓடிப்போய்த் தாசில்தாரின் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். புலியை நெருங்கிய பிறகுதான் பார்க்கிறார், குழலுக்கும் அடிப்பூட்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். சுட்டால் தன் முகத்திலேயே வெடிக்கலாம். யோசிக்க நேரமில்லை, சுட்டார். வாய்க்குக் குறி வைத்த குண்டு முன்னங்காலில் போய்ப் பட்டது! முன்னால் பட்ட இரண்டு குண்டுகளாலேயே புலி செத்து விழுந்தது.

நண்பர்களே, பழைய துப்பாக்கி வாங்கப் போகிறவனுக்கு இதைவிடப் பாடம் வேண்டுமா? என் கையில் யாராவது பழசைக் கொடுத்தால் முதலில் குழலைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பேன். பூட்டு லொடலொடவென்றால், பெயர் எவ்வளவு பெரியதானாலும் வேண்டாம். அடுத்து குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்க்க வேண்டும். துருப்பிடித்துக் குழிவிழுந்திருந்தால் தெரிந்துவிடும். மேலே போட்ட பாலிஷைப் பார்த்து மயங்கினவன் கெட்டான். நான் ஒருமுறை கெட்டிருக்கிறேன்.

சம்பாவத் வேட்டைக்காக லெப்டினன்ட் கவர்னர் ஹெவெட் அவருக்கு .275 ரிக்பி ரைஃபிளை வழங்கினார். கட்டையில் வெள்ளித் தகடு பதித்த புத்தம்புதுச் சாமான். வேறொருவராக இருந்தால் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூசை பண்ணியிருப்பார். இவர் தூக்கிக்கொண்டு மலையேறினார். 1926இல் ருத்ரப்ரயாக் சிறுத்தையை, அதுவரை 125 பேரைத் தின்றதை, டார்ச் கட்டிய ரைஃபிளால் இரவில் வீழ்த்தினார். 1930இல் சௌகர் பெண்புலி. அன்று இடது கையில் பக்கிக்குருவியின் முட்டைகள் இரண்டு. பாறை திரும்பினால் பக்கத்திலேயே புலி. முட்டையைக் கீழே போடாமல், ரிக்பியை ஒரே கையால் மெல்ல மெல்லத் திருப்பிச் சுட்டார். அது எடை குறைந்த ரைஃபிள், அதனால்தான் முடிந்தது. முட்டைகளைக் கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே வைத்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

1920களின் கடைசியிலிருந்து அவர் கை காமிராப் பக்கம் போயிற்று. ஆட்கொல்லி தவிர மற்றப் புலிகளைப் படம் பிடித்தார். 1936இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைய முன்னின்றவர்களில் ஒருவர். 1957இல் அதற்கு அவர் பெயரே வைத்தார்கள். பார்க்க அவர் இல்லை. 1947இல் அக்கா மாகியோடு கென்யாவுக்குப் போனவர், 1955 ஏப்ரல் 19இல் நியேரியில் காலமானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

ரிக்பி, அவருடைய புத்தகங்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு பதிப்பகத்தின் கைக்குப் போனது. 2015இல் செய்த கம்பெனிக்கே திரும்பியது. மறு வருஷம் அதை இந்தியாவுக்கு எடுத்து வந்து அவருடைய பழைய கிராமத்து மக்களுக்குக் காட்டினார்கள். பேப்பரில் படத்தைப் பார்த்தேன். கட்டையெல்லாம் தேய்ந்து, கீறல் விழுந்து, தகடு மட்டும் மின்னியது. அவருடைய இன்னொரு இரட்டைக்குழல் ரைஃபிள், ஜெஃப்ரி கம்பெனியுடையது, அமெரிக்க ஏலத்தில் இரண்டு லட்சம் டாலருக்கும் மேல் போயிற்று.

இனி என் கதை கொஞ்சம். என்னிடம் மூன்று இருந்தன. தாத்தாவுடையது ஒன்று. நீலகிரியில் எஸ்டேட் வைத்திருந்த பெரியவரிடம் வாங்கிய பழைய இங்கிலாந்து இரட்டைக்குழல் இரண்டாவது. 1980களின் நடுவில் தனியார் இறக்குமதி அடைபட்ட பிறகு, இந்தப் பழசுகளின் விலை புதுசை விட எங்கேயோ போய்விட்டது. மூன்றாவது இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைஃபிள். கிரீஸ் கூடத் துடைக்காத புதுசு. 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு எதைச் சுடுவது? இருந்தும் வாங்கினேன். ஆசைதான். தேர்தல் வந்தால் மூன்றையும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், முடிந்ததும் திரும்ப வாங்கிவர வேண்டும். வீட்டுக்காரி ஒவ்வொரு தடவையும் சிரிப்பாள்.

2019 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டது. ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கூடாது, மீதியை ஒரு வருஷத்துக்குள் ஒப்படைத்துவிட வேண்டும். கொரோனா அடைப்பில் வீட்டுக்குள்ளேயே கிடந்த மாதங்களில் மூன்றையும் மேஜையில் வைத்து வைத்துப் பார்த்தேன். காசுக் கணக்குப் போட்ட மகன், கம்பி சுற்றியதைக் கொடுத்துவிடச் சொன்னான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அது நாலு காசு பெறாது. எனக்கு மனசு வரவில்லை. கடைசி வாரத்தில் இஷாப்பூர் ரைஃபிளை எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் பஸ் ஏறினேன். லைசென்ஸ் வியாபாரி குழலைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு தோட்டா கூடப் போனதில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். ரசீது எழுதிக் கொடுத்தார்.

மற்ற இரண்டும் ஊரில், பூட்டிய பெட்டியில் இருக்கின்றன. கல் தேரைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு நடை வீட்டுக்கும் வாருங்கள். காப்பியும் உண்டு.