நூல் கட்டும் கடையில் கற்ற கல்வி

இங்கிலாந்தில், இலண்டன் நகரை ஒட்டிய பகுதியில் 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் மைக்கேல் ஃபாரடே பிறந்தார். அவருடைய தந்தை ஒரு கொல்லர். அவர் அடிக்கடி நோய்வாய்ப்பட்டதால் குடும்பம் வறுமையில் வாடியது. உணவுப் பொருள்களின் விலை ஏறியிருந்த 1801ஆம் ஆண்டில், சிறுவர் ஃபாரடேக்கு ஒரு வாரத்திற்கு ஒரு ரொட்டிதான் கிடைத்தது. எழுதவும் படிக்கவும் எளிய கணக்குகளைச் செய்யவும் கற்றுக்கொண்டதோடு அவரது பள்ளிப்படிப்பு முடிந்துவிட்டது.

ஃபாரடே தமது 13ஆம் வயதில் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அக்காலத்தில் செய்தித்தாளின் விலை மிக அதிகம். அதனால், ரீபோ செய்தித்தாள்களை வாடிக்கையாளர்களுக்கு இரவல் கொடுத்து வந்தார். அவற்றை வீடு வீடாகக் கொண்டு செல்வதும் திரும்ப வாங்கி வருவதும் ஃபாரடேயின் வேலை. அவரது உழைப்பையும் நேர்மையையும் கண்ட ரீபோ, மறு ஆண்டே கட்டணம் எதுவும் பெறாமல் நூல் கட்டும் தொழிலை அவருக்குப் பழக்கத் தொடங்கினார்.

ஏழாண்டுகள் நீடித்த அந்தப் பயிற்சிக் காலமே ஃபாரடேயின் கல்விக்கூடமாக அமைந்தது. பகலில் கட்டிய நூல்களை, வேலை முடிந்தபின் அவர் படித்தார். ஜேன் மார்செட் எழுதிய வேதியியல் நூல் அவரை மிகவும் கவர்ந்தது. பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் இருந்த மின்சாரம் பற்றிய கட்டுரை அவரது ஆர்வத்தை மேலும் தூண்டியது. படித்தவற்றை அவர் அப்படியே நம்பிவிடவில்லை. கையிலிருந்த சில காசுகளைக் கொண்டு பொருள்களை வாங்கி, எளிய சோதனைகளைத் தாமே செய்து பார்த்தார். ரீபோவும் அதைத் தடுக்கவில்லை.

அக்காலத்தில் அறிவியல் சொற்பொழிவைக் கேட்கவும் பணம் வேண்டும். நகரில் நடைபெற்ற ஒரு சொற்பொழிவுத் தொடருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு ஷில்லிங் கட்டணம். கொல்லராக இருந்த அண்ணன் இராபர்ட் தம் உழைப்பில் கிடைத்த பணத்தைத் தம்பிக்குக் கொடுத்து உதவினார். பின்னர், 1812இல் புகழ்பெற்ற அறிவியலாளர் ஹம்ப்ரி டேவி ராயல் இன்ஸ்டிடியூஷனில் உரையாற்றினார். ரீபோவின் வாடிக்கையாளர் ஒருவர் அதற்கான நுழைவுச்சீட்டுகளை ஃபாரடேக்கு அன்பளிப்பாகத் தந்தார்.

டேவியின் நான்கு உரைகளையும் ஃபாரடே கவனமாகக் கேட்டுக் குறிப்பெடுத்தார். படங்கள் வரைந்து, விளக்கம் எழுதி, தாம் கற்ற தொழிலைக் கொண்டே அவற்றை அழகிய நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். டேவி அவரது ஆர்வத்தைப் பாராட்டினாலும் அப்போது வேலை எதுவும் காலியாக இல்லை. சில மாதங்களில் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். 1813 மார்ச் 1ஆம் நாள் அந்தப் பணி ஃபாரடேக்குக் கிடைத்தது.

அதன்பின் அவர் செய்த ஆய்வுகள் உலகையே மாற்றின. மின்சாரம் பாயும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழல வைக்க முடியும் என்பதை 1821இல் காட்டினார். மின்மோட்டாருக்கு அது வழிவகுத்தது. கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை அசைத்தால் மின்சாரம் உண்டாகும் என்பதை 1831இல் கண்டறிந்தார். இன்றைய மின்னாக்கிகள் அந்த அடிப்படையிலேயே இயங்குகின்றன.

பள்ளிப்படிப்பு பாதியில் நின்றதால் உயர்கணிதம் அவருக்குக் கைவரவில்லை. ஆயினும், காந்தத்தின் ஆற்றலைக் கோடுகளாக மனத்தில் கண்டு விளக்கினார். அந்தக் கருத்துக்குப் பின்னாளில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் கணித வடிவம் தந்தார்.

தமக்கு எளிதில் கிடைக்காத கல்வி மற்றவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதில் ஃபாரடே அக்கறை காட்டினார். ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825இல் இளையோருக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் தொடங்கின. அவற்றுள் 19 தொடர்களை ஃபாரடேயே நிகழ்த்தினார். எரியும் ஒரு மெழுகுவத்தியைக் கொண்டே வேதியியலை எளிமையாக விளக்கிய அவரது உரைகள் 1861இல் நூலாக வெளிவந்தன.

ராயல் சொசைட்டியின் தலைவர் பதவி இருமுறை தேடி வந்தபோதும் அவர் அதை ஏற்கவில்லை. 1867 ஆகஸ்ட் 25ஆம் நாள் அவர் மறைந்தார்.

இன்று நூலகங்களும் இணையமும் நம் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. ஒரு கலைக்களஞ்சியத்தைப் படிக்க, அது கட்டுவதற்காகக் கடைக்கு வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால், படித்ததைச் சிந்தித்து, சோதித்து, குறிப்பெடுக்கும் உழைப்பை நாம்தான் மேற்கொள்ள வேண்டும். ரீபோவும் இராபர்ட்டும் பிறரும் திறந்துவிட்ட கதவின் வழியே ஃபாரடே அறிவுலகுக்குள் நுழைந்தார். உள்ளே சென்ற அவர், பின்னால் வருவோருக்காக அந்தக் கதவைத் திறந்தே வைத்தார்.