வள்ளியைத் தந்த வாத்தியார்

இடுக்கித் தேயிலைத் தோட்டங்களிலும் பாலக்காட்டு ஆலைகளிலும் பாடுபடும் தமிழர் பலர், ஊர்த் திருவிழாவுக்கு லீவு எடுத்துக்கொண்டு தேனி, மதுரைச் சீமைக்கு இறங்குவது வழக்கம். திருவிழாவில் அவர்கள் விடிய விடியப் பார்ப்பது பெரும்பாலும் வள்ளி திருமணம் நாடகம். பார்த்து முடிந்ததும் வாக்குவாதம் தொடங்கும். பழைய பாட்டை அப்படியே பாட வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். சினிமா மெட்டும் கலந்தால்தான் கூட்டம் உட்காரும் என்பார்கள் இளைஞர்கள். இரு தரப்பாருக்கும் பதில், அந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளின் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

சுவாமிகள் 1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் தேதி, தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தந்தையாரே அவருக்கு முதல் தமிழாசிரியர். பின்னர் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கண இலக்கியம் பயின்றார். வெண்பாவும் சந்தமும் அவருக்குக் கைவந்த கலையாயின. சில காலம் கணக்கராக வேலை பார்த்துவிட்டு, 24ஆம் வயதில் நாடகத்துக்கு வந்தார்.

வேடத்தைத் துறந்தவர்

இரணியன், இராவணன், எமதருமன், சனீஸ்வரன் ஆகிய வேடங்களில் அவர் மேடையைக் கலக்கினார். அவருடைய எமன் வேடத்தைக் கண்டு கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்தது என்றும், சனீஸ்வரன் வேடத்தோடு விடியற்காலையில் குளத்துக்குப் போனபோது எதிரில் வந்த பெண் அதிர்ச்சியில் உயிரிழந்தாள் என்றும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்வார்கள். மனம் நொந்த சுவாமிகள் வேடம் போடுவதை விட்டார். துறவுக் கோலத்தில் தலயாத்திரை சென்றவரைப் புதுக்கோட்டை கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை மகனைப் போல் ஏற்று, மீண்டும் நாடகப் பணிக்குத் திருப்பினார். அதன்பின் அவர் ஆசிரியரானார்.

அன்று அவரே புதுமைக்காரர்

இன்று பழைமை என்று போற்றப்படும் சுவாமிகள், தம் காலத்தில் புதுமை செய்தவர் என்பதை மறக்கக்கூடாது. தெருக்கூத்தில் கண்ட புராணக் கதைகளைத் திரை கட்டிய கொட்டகைக்குக் கொண்டுவந்தார். பாட்டும் வசனமும் திட்டமாக அமைந்த பிரதிகளாக அவற்றை எழுதினார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, இலவகுசா எனச் சுமார் 40 நாடகங்கள் அவர் பெயரில் உள்ளன. அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர். வேற்றுநாட்டு ஷேக்ஸ்பியரின் கதைகளையும் தமிழ் நாடகமாக்கத் தயங்கவில்லை.

அதே காலத்தில் வேறொரு காற்றும் வீசியது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கி, பாட்டைக் குறைத்து, உரைநடையில், சில மணி நேரத்தில் முடியும் நாடகங்களைக் கொடுத்தார். படித்தவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தனர். பாட்டே உயிர் என்ற பாமர மக்கள் சுவாமிகளின் பக்கம் நின்றனர்.

எல்லை தாண்டிய இசை நாடகம்

தமிழ் இசை நாடகக் குழுக்கள் மலையாள நாட்டு ஊர்களிலும் முகாம் போட்டன. அவற்றின் தாக்கத்தால் மலையாளத்தில் 1892இல் டி. சி. அச்சுத மேனோனின் சங்கீத நைஷதம் பிறந்தது.

எழுத்துக்குக் காவல்

சுவாமிகள் கண்ட பெருங்குறை ஒன்று உண்டு. தனித்தனியே ஒப்பந்தமாகி மேடையில் சந்திக்கும் ஸ்பெஷல் நடிகர்கள், கைதட்டலுக்காகக் கதையை மறந்து சொற்போரில் இறங்கினார்கள். இதற்கு மாற்றாகச் சிறுவர்களைச் சேர்த்துப் பயிற்றுவிக்க முனைந்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. உணவும் உறைவிடமும் அங்கேயே. பாடம் தவறினால் கண்டிப்பு. அந்த ஆண்டே சேர்ந்தவர்கள் டி.கே.எஸ். சகோதரர்கள். அவர்கள் பெயரிலுள்ள முதலெழுத்து திருவனந்தபுரத்தைக் குறிக்கும். சுவாமிகளின் நாடகங்களைக் கற்ற அந்தப் பிள்ளைகளே பின்னாளில் சம்பந்த முதலியாரின் மனோகராவையும் நடித்தார்கள். ஆசிரியர் தந்த ஒழுங்கு, புதிய நாடகத்துக்கும் கைகொடுத்தது.

கடைசி நாட்கள்

1921இல் பக்கவாதம் தாக்கிச் சுவாமிகளின் கை, கால்கள் முடங்கின, பேச்சும் போயிற்று. ஆயிரக்கணக்கான பாடல்களை மற்றவர் நாவில் ஏற்றியவர் வாய் திறக்க முடியாமல் கிடந்தார். 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் தேதி புதுச்சேரியில் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. மணம் செய்துகொள்ளாத அவருக்கு மாணவர்களே பிள்ளைகள்.

அவர் வெறுத்த ஸ்பெஷல் முறையிலேயே இன்று அவருடைய வள்ளி திருமணம் நடக்கிறது. பபூன் அன்றாட அரசியலைப் பேசுகிறார். ஆர்மோனியம் சினிமா மெட்டுக்கும் வளைந்து கொடுக்கிறது. ஆனாலும் நடுநிசிக்குப் பின் நாரதரும் வள்ளியும் தர்க்கம் தொடங்கும்போது, சுவாமிகள் வகுத்த பாதைக்கே நாடகம் திரும்புகிறது. மேடையும் மெட்டும் மாறலாம். மாற்றுகிறவர் முதலில் பாடத்தை ஒழுங்காகக் கற்றிருக்க வேண்டும். சுவாமிகள் தம் பிள்ளைகளிடம் எதிர்பார்த்தது அதைத்தான்.