ஒரு மாணவர் போட்ட கூட்டல் கணக்கு

மலருக்குக் கட்டுரை கேட்டுக் கடிதம் வந்ததும் எதை எழுதுவது என்று இரண்டு வாரம் யோசித்தேன். ஹாஸ்டல் நினைவுகளை என்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள் எங்கள் பேட்சிலேயே இருக்கிறார்கள். அதனால் எனக்குச் சோறு போடும் தொழிலுக்கு அடித்தளம் இட்ட ஒரு மாணவரைப் பற்றி எழுதுகிறேன். மாணவர் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வேலையைச் செய்து முடித்தபோது அவருக்கு வயது 24.

முதலில் என் கதை கொஞ்சம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எழுதிய ஒரு புரோகிராமில் 100 இடங்கள் கொண்ட அரே இருந்தது. இடங்களின் எண் 0 முதல் 99 வரை. நானோ லூப்பை 100 வரை ஓடவிட்டேன். டெஸ்டிங்கில் எல்லாம் பாஸ்! மூன்றாம் மாதம் வாடிக்கையாளரிடம் மெஷின் நின்றுபோனது. காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு இரவு ஆயிற்று. சோதித்துப் பார்ப்பது வேறு, தவறு வரவே வராது என்று நிரூபிப்பது வேறு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. பிறகு சாஃப்ட்வேர் சரிபார்ப்புத் துறைக்கே வந்துவிட்டேன். அங்கே அடிக்கடி காதில் விழுந்த பெயர் பிரெஸ்பர்கர்.

மோய்ஷெஷ் பிரெஸ்பர்கர் 1904 டிசம்பர் 27 அன்று வார்சாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். வார்சா பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தார். லூக்காசியேவிச், டார்ஸ்கி போன்ற தர்க்கவியல் மேதைகள் அப்போது அங்கே பாடம் நடத்தினார்கள். டார்ஸ்கி அவருக்கு ஒரு கேள்வியைக் கொடுத்தார். முழு எண்கள் உண்டு, கூட்டல் உண்டு, பெருக்கல் கிடையாது. இந்த மொழியில் எந்தக் கூற்றைக் கொடுத்தாலும், அது உண்மையா பொய்யா என்று ஒரு முறைப்படி தீர்மானிக்க முடியுமா?

முடியும் என்று பிரெஸ்பர்கர் நிரூபித்தார். கூற்றிலிருந்து மாறிகளை ஒவ்வொன்றாக நீக்குவதுதான் வழி. ஏதோ ஒரு ஒய்-ஐ இரண்டு முறை கூட்டினால் எக்ஸ் வரும் என்பதை, எக்ஸ் இரட்டைப்படை எண் என்று மாற்றிச் சொல்லலாம் அல்லவா? ஒய் காணாமல் போய்விட்டது! இப்படி மீதியின்றி வகுபடுவதைப் பற்றியும் பேச அனுமதித்தால் எந்த மாறியையும் களைந்துவிடலாம். கடைசியில் வெறும் எண்கள்தான் மிஞ்சும். இதை 1929இல் வார்சாவில் நடந்த ஸ்லாவிய நாடுகளின் கணித மாநாட்டில் அறிவித்தார். பெருக்கலையும் சேர்த்தால் இப்படி ஒரு முறை இருக்கவே முடியாது என்பது 1930களில் தெளிவாயிற்று.

இதற்கு அவருக்குக் கிடைத்தது 1930இல் முதுகலைப் பட்டம் மட்டுமே. முனைவர் பட்டத்துக்கு இது போதாது என்று டார்ஸ்கி கருதினார் என்பர். பிரெஸ்பர்கர் இன்சூரன்ஸ் வேலைக்குப் போய்விட்டார். பின்னர் போர் வந்தது. 1943 வாக்கில் நாஜிகளின் யூத இன அழிப்பில் அவரும் பலியானார். நாற்பது வயதைக்கூட அவர் தொடவில்லை.

கணக்கு மட்டும் பிழைத்துக்கொண்டது. 1954இல் மார்ட்டின் டேவிஸ் அம்முறையைப் பிரின்ஸ்டனில் கணிப்பொறியில் ஏற்றினார். இரண்டு இரட்டைப்படை எண்களைக் கூட்டினால் இரட்டைப்படை எண்ணே வரும் என்று இயந்திரம் நிரூபித்தது.

1957இல் வில்லியம் கிரெய்க் இன்னொன்றைக் காட்டினார். இரண்டு கூற்றுகள் ஒன்றோடொன்று முரண்பட்டால், இரண்டுக்கும் பொதுவான சொற்களை மட்டும் கொண்ட ஓர் இடைக்கூற்று இருக்கும். அது முதல் கூற்றிலிருந்து பிறக்கும், இரண்டாவதோடு முரண்படும். 2003இல் கென் மெக்மில்லன் இதைச் சரிபார்ப்புக்குக் கொண்டுவந்தார். புரோகிராமின் இதுவரையிலான ஓட்டம் முதல் கூற்று. இனி தவறு நேரும் என்பது இரண்டாவது. என் லூப்பை ஒழுங்காக எழுதியிருந்தால், அரே இடத்தின் எண் 99-ஐத் தாண்டாது என்பதே இடைக்கூற்றாகக் கிடைத்திருக்கும். கூட்டல் கணக்கில் அதைப் பெற ஒரு வழி, முதல் கூற்றுக்கு மட்டும் உரிய மாறிகளைக் களைவது. அதாவது, பிரெஸ்பர்கர் செய்த அதே வேலை!

2010 முதல் ஐரோப்பியக் கோட்பாட்டுக் கணிப்பியல் சங்கம் அவர் பெயரில் இளம் ஆய்வாளர்களுக்கு விருது வழங்கி வருகிறது.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் புராஜெக்டைப் பார்த்து, இவ்வளவுதானா என்று யாராவது கேட்டால் மனம் தளராதீர்கள். செய்ததை முழுதாக நிரூபித்து, தெளிவாக எழுதி வையுங்கள். அவர் எழுதி வைத்ததால்தான் நான் இன்று நிம்மதியாகத் தூங்குகிறேன்.