கோகலேயும் கட்டாயக் கல்வி மசோதாவும்

கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என அடுத்தடுத்து நிற்கும் நம் கரையூர்களில், முஸ்லிம் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் வயது வந்ததும் பள்ளி செல்வதை எவரும் வியப்பதில்லை. பாரதத்தில் இதனைச் சட்டத்தால் நிலைநாட்ட முயன்று தோற்ற பெரியார் ஒருவரை ஈண்டு நினைவுகூர விழைகின்றோம்.

கோபாலகிருஷ்ண கோகலே 1866இல் மராட்டிய நாட்டிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தவரைத் தமையனாரே உழைத்துப் படிப்பித்தார். புனா பெர்குசன் கல்லூரியில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்து, 1902இல் இந்திய சட்டசபையில் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினராய் அமர்ந்தார்.

அச்சபையிற் பெரும்பான்மை அரசாங்க உத்தியோகத்தருடையது. அவர்தம் இசைவின்றி ஏனையோர் மசோதா எதுவும் நகராது. 1910இல் கட்டாயக் கல்விக்கெனப் பிரேரணை கொணர்ந்த கோகலே, அரசினர் ஆராய்வதாகக் கூறவே அதனை மீட்டுக்கொண்டார். ஓராண்டு கழிந்தது. 1911 மார்ச் 16இல் தாமே மசோதா கொணர்ந்தார். நகரசபையோ ஜில்லா சபையோ விரும்பும் இடத்தில் மட்டும், ஆறு முதல் பத்து வயதுச் சிறுவர் கட்டாயமாகப் பயில வேண்டுமென்பதே அதன் சாரம். இதனினும் அடக்கமான கோரிக்கை உண்டோ? 1907இல் கிராமப் பாடசாலைச் சட்டம் கண்ட நம் இலங்கையையும் அவர் எடுத்துக்காட்டினார் என்பது நமக்கொரு பெருமை.

மாகாண அரசுகளின் அபிப்பிராயம் அறியவென்று மற்றுமோர் ஆண்டு போயிற்று. 1912 மார்ச் 19இல், தெரிகுழுவுக்கு விடும் பிரேரணை 13க்கு எதிராக 38 வாக்குகளால் வீழ்ந்தது. வீழுமென அறிந்தே அவர் வாதாடினார்.

1915 பெப்ரவரி 19இல் கோகலே மறைந்தார். பம்பாய்ச் சட்டசபையில் விட்டல்பாய் பட்டேல், அவரும் உத்தியோகப்பற்றற்றவரே, கொணர்ந்த ஆரம்பக் கல்வி மசோதா 1918இற் சட்டமாயிற்று.