பலூன் செய்த பாரடே

விழா என்றாலே பலூன் என்றாகிவிட்டது. பள்ளி ஆண்டு விழாவானாலும், வீட்டில் தம்பி தங்கையரின் பிறந்த நாளானாலும், வட்டமாக உட்கார்ந்து கன்னம் நோக ஊதுகிறோம். முதல் மூச்சுதான் கடினம். பலூனை இரண்டு மூன்று முறை இழுத்து விட்டுக்கொண்டால் ரப்பர் சற்று இளகிக் கொடுக்கும். ஒரு தடவை விரிந்துவிட்டால் பிறகு எளிதாகப் பெருத்துவிடும். இவ்வளவும் அறிந்த நாம், ரப்பர் பலூனை முதன்முதலில் செய்தவர் யாரென்று எண்ணிப் பார்த்ததுண்டா? நம் வகுப்பறையில் மின்விசிறி சுழல எந்த மேதையின் ஆராய்ச்சி வழி வகுத்ததோ, அவரேதான். மைக்கேல் பாரடே என்பது அவர் பெயர்.

லண்டன் மாநகரை ஒட்டிய நியூவிங்டன் பட்ஸ் என்னும் இடத்தில் 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் பாரடே பிறந்தார். தந்தை கொல்லர், நோயாளி. 1801-ஆம் ஆண்டில் தானிய விலை ஏறியபோது, சிறுவன் மைக்கேலுக்கு ஒரு வாரத்திற்கு ஒரு ரொட்டிதான் கிடைத்ததாம். பள்ளிப் படிப்பு எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் கற்றதோடு நின்றுபோயிற்று. பதினான்காம் வயதில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் பைண்டிங் வேலை பழகச் சேர்ந்தார். ஏழாண்டுகள் தாள் வெட்டி, மடித்து, தைத்து, பசை தடவி ஒட்டிய அந்தக் கைகளை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

பைண்டிங்கிற்கு வந்த நூல்களை அவர் படிக்கவும் செய்தார். அவற்றுள் ஒன்று வேதியியல் உரையாடல்கள் என்ற நூல். ஓர் ஆசிரியையும் இரண்டு மாணவியரும் பேசிக்கொள்வதுபோல் அது அமைந்திருந்தது. முக்கியமாகப் பெண்களை எண்ணியே எழுதப்பட்டது. 1806-ஆம் ஆண்டு வெளிவந்தபோது ஆசிரியர் பெயர் அதில் அச்சிடப்படவில்லை. எழுதியவர் ஜேன் மார்செட் என்னும் பெண்மணி. பாரடேயை வேதியியலின் பக்கம் திருப்பியது அந்த நூலே. பெண் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் எதற்கு என்று கேட்பவர்களிடம் இந்தச் செய்தியை நாம் தாராளமாகச் சொல்லலாம்.

1812-ஆம் ஆண்டு கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி ஆற்றிய சொற்பொழிவுகளுக்கு அனுமதிச் சீட்டுக் கொடுத்தார். நான்கு சொற்பொழிவுகளையும் கேட்டுக் குறிப்பெடுத்து, விரித்தெழுதி, தம் கையாலேயே அழகாக பைண்டு செய்து, டேவிக்கே அனுப்பிவைத்தார் பாரடே. சிபாரிசுக்கு ஆளில்லாத ஏழை இளைஞருக்கு அந்தப் புத்தகமே சிபாரிசாக அமைந்தது. 1813 மார்ச் மாதம் டேவியின் ஆய்வுக்கூட உதவியாளராக வேலை கிடைத்தது.

பலூனின் கதை 1824-ஆம் ஆண்டில் வருகிறது. ஹைட்ரஜன் முதலிய வாயுக்களை ஆராயும்போது அவற்றைப் பிடித்துவைக்க ஒரு பை வேண்டியிருந்தது. அக்காலத்தில் விலங்குகளின் சவ்வுப்பைகளையே பெரிதும் பயன்படுத்தினர். பாரடே ரப்பரை எடுத்துக்கொண்டார். இரண்டு ரப்பர் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஓரங்களை வெட்டி அழுத்தினார். பதப்படுத்தாத ரப்பர் ஆகையால் வெட்டிய ஓரங்கள் தாமாகவே ஒட்டிக்கொண்டன. உட்புறமும் ஒட்டிவிடாதிருக்க முன்னதாகவே மாவு தூவிவிட்டார். ஹைட்ரஜனை நிரப்பியதும் பை மெல்லியதாக விரிந்து மேலே எழும்பியது. அவ்வளவுதான்! கண்ணாடியும் பித்தளையுமாக விலையுயர்ந்த கருவிகள் நிறைந்த ஆய்வுக்கூடத்தில், பைண்டிங் கடையில் பழகிய கைகளுக்கல்லவா இந்த எளிய வழி தோன்றியது என்று நமக்குப் படுகிறது. இன்றும் புதுப் பலூனின் உள்ளே விரலை விட்டுப் பாருங்கள், மெல்லிய பொடி ஒட்டும். அதற்கும் அதே காரணந்தான்.

அடுத்த ஆண்டே தாமஸ் ஹான்காக் என்பவர், ரப்பர்க் கரைசலையும் பீற்றுக்குழலையும் சேர்த்து, வீட்டிலேயே பலூன் செய்து விளையாடும்படி விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆய்வுக்கூடத்துப் பை இவ்வாறுதான் குழந்தைகளின் கைக்கு வந்தது.

ஹைட்ரஜன் பற்றிப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. காற்றைவிடப் பதினான்கு மடங்கு இலேசான வாயு என்பதால் அதை நிரப்பிய பலூன் பறக்கும். வாயால் ஊதியது பறக்காது. ஆனால் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும் வாயு. கேக்கின் மீது மெழுகுவர்த்தி எரியும் அறையில் அத்தகைய பலூன்களைக் கட்டிவைத்தால் ஒரு பொறி போதும், குழந்தைகளின் முகம் வெந்துவிடும். பறக்கும் பலூன்தான் வேண்டுமென்றால் தீப்பிடிக்காத ஹீலியம் நிரப்பியதா என்று கேட்டு வாங்க வேண்டும். இல்லையேல் வாயும் கைப்பம்பும் போதும். பலூன் பறக்காவிட்டால் விழாவுக்கு என்ன குறை?

பாரடேயின் புகழ் பலூனோடு நிற்கவில்லை. 1825-ஆம் ஆண்டு பென்சீனைக் கண்டறிந்தார். 1831-ஆம் ஆண்டு இரும்பு வளையம் ஒன்றில் துணியும் நூலும் சுற்றிக் காப்பிட்ட கம்பிச் சுருள்களை அமைத்து, காந்தத்தால் மின்சாரத்தைத் தூண்டலாம் என்று காட்டினார். இன்றைய மின் நிலையங்களின் பெரும் இயந்திரங்கள் அந்தத் தத்துவத்தில்தான் இயங்குகின்றன. அங்கும் துணி, நூல், கம்பி, பொறுமை!

கிறிஸ்துமஸ் விடுமுறையில் இளையோருக்கென்று நடந்த சொற்பொழிவுத் தொடர்களில், 1827 முதல் 1860 வரை பத்தொன்பது தொடர்களை அவரே நடத்தினார். ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் பொருளாகக் கொண்டு ஆறு சொற்பொழிவுகள் ஆற்றியிருக்கிறார் என்றால் பாருங்களேன். அவருக்கும் மனைவி சாராவுக்கும் பிள்ளைகள் இல்லை. ஊரார் பிள்ளைகள்தாம் ஆண்டுதோறும் அவர்முன் வந்து அமர்ந்தனர்.

சிறியதொரு கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த அவர் எளிய வாழ்வையே விரும்பினார். சர் பட்டத்தை ஏற்கவில்லை. ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவி இருமுறை தேடிவந்தும் மறுத்துவிட்டார். முதுமையில் நினைவாற்றல் குன்றி வருந்தினார். விக்டோரியா அரசியார் ஹாம்ப்டன் கோர்ட்டில் அளித்த வீட்டில், 1867 ஆகஸ்ட் 25-ஆம் நாள், நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர் நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்படும் பெருமையையும் அவர் விரும்பவில்லை. ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல்லில் பெயரும், பிறந்த நாளும், இறந்த நாளும் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன.