ஆபீஸுக்கு முன் 3 மணி நேரம்: தபால் அதிகாரி ஆண்டனி ட்ராலப் 47 நாவல்கள் எழுதியது எப்படி?

வேலைக்குப் போகவே நேரம் சரியாக இருக்கிறது, இதில் வேறு எதைச் செய்வது? பலரும் கேட்கும் இந்தக் கேள்விக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரு வழி கண்டுபிடித்தவர் ஆண்டனி ட்ராலப். பிரிட்டன் தபால் துறையில் 33 ஆண்டுகள் வேலை பார்த்தவர், ஆங்கிலத்தின் முக்கியமான நாவலாசிரியர்களில் ஒருவர்.

யார் இவர்?

1815இல் லண்டனில் பிறந்தார். அப்பா கடனில் மூழ்கியவர். அம்மா பிரான்சஸ் 50 வயதுக்கு மேல் எழுத ஆரம்பித்து, அந்த வருமானத்தில் குடும்பத்தைக் காப்பாற்றினார். வீட்டில் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டே, விடியும் முன் எழுந்து எழுதியவர் அவர்.

மகன் அப்படி இல்லை. 19 வயதில் லண்டன் தபால் தலைமை அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். நேரத்துக்கு வரமாட்டார், கடன் வேறு. மேலதிகாரிகளிடம் நல்ல பெயரே இல்லை.

எங்கே மாறினார்?

1841இல் அயர்லாந்துக்கு மாற்றலாகிப் போனார். குதிரையில் ஊர் ஊராகச் சென்று தபால் சேவையைச் சரிபார்க்கும் வேலை. அது அவருக்குப் பிடித்துப்போனது, எழுதவும் ஆரம்பித்தார். 1847இல் வந்த முதல் நாவல் விற்கவே இல்லை. ஆனாலும் நிறுத்தவில்லை.

வேலையிலும் சும்மா இருக்கவில்லை. தெருவோரத்தில் தபால் பெட்டி வைக்கலாம் என்று இவர் பரிந்துரைத்ததை அடுத்து, 1852இல் ஜெர்சி தீவில் பெட்டிகள் வைக்கப்பட்டன. பிறகு அது பிரிட்டன் முழுக்கப் பரவியது.

நேரத்தை எப்படிப் பிரித்தார்?

* காலை 5.30க்கு மேஜையில் உட்கார்ந்துவிடுவார். எழுப்பி காபி கொடுப்பதற்காகவே குதிரைக்காரருக்கு ஆண்டுக்கு 5 பவுண்ட் கூடுதல் சம்பளம்.
* முதல் அரை மணி நேரம், முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார்.
* பிறகு கடிகாரத்தை எதிரே வைத்து, கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தைகள் என்று எழுதுவார். 8.30க்கு முடிந்துவிடும். அதன் பிறகுதான் காலை உணவும் ஆபீஸும்.
* வாரத்துக்கு எத்தனை பக்கம் என்று இலக்கு வைத்து, தினமும் டைரியில் கணக்கு எழுதுவார். சராசரி 40 பக்கம். எழுதாத நாளும் அதில் பதிவாகும், அந்த வெற்றிடமே அவரை உறுத்தும்.
* பயண நேரத்தையும் விடவில்லை. ரயிலில் பென்சிலால் எழுதுவார், மனைவி ரோஸ் படி எடுப்பார். எகிப்துக்குக் கப்பலில் போனபோது கடல் குமட்டலுக்கு நடுவிலும் எழுதினார்.

பார்செட்ஷயர் வரிசையின் 6 நாவல்களும் வேலையில் இருந்தபோதே எழுதப்பட்டவை.

விலை என்ன?

எதிர்பார்த்த பதவி உயர்வு கிடைக்காத நிலையில், 1867இல் ராஜினாமா செய்தார். 60 வயதுக்கு முன்பே விலகியதால் பென்ஷன் கிடையாது. அதற்கு ஈடாக முன்கூட்டியே எழுத்து வருமானத்தில் சேமித்து வைத்திருந்தார்.

1882இல் இறந்தார். அடுத்த ஆண்டு வெளியான சுயசரிதையில் இந்தக் கணக்கையெல்லாம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். கடிகாரம் பார்த்து எழுதுவதெல்லாம் கலையா என்று பலர் முகம் சுளித்தனர். அவர் பெயருக்கு அது அடியாகவே விழுந்தது. ஆனால் அந்த நாவல்கள் இன்றும் அச்சில் இருக்கின்றன.

நாள் முழுக்க உழைத்தால்தான் முடியும் என்று அவர் நம்பவில்லை. யாரும் குறுக்கிடாத 3 மணி நேரம் போதும், அதைத் தினமும் விடாமல் செய்ய வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. நேரத்துக்கு வராத குமாஸ்தா என்று பெயர் வாங்கிய ஒருவர்தான் இதைச் செய்து காட்டினார்.